கடல் கடந்த இலைச்சோறு

உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரத்தில், மலேசிய நாட்டின் பேராக் மாநிலத்து ஈப்போவிலிருந்து நம் அக்கா ஒருவர் தம் பேரனுடன் திருச்சிராப்பள்ளி வந்து இறங்கினார். நம் பாட்டனாரும் அவருடைய பாட்டனாரும் உடன்பிறந்தோர். இலால்குடிப் பக்கத்திலிருந்து இருவரும் சேர்ந்தே மலாயா சென்றனர். இளையவர் திரும்பினார், மூத்தவர் திரும்பவில்லை. இளையவர் வழி வந்தோர் நாம். மூத்தவர் வழி வந்தவர் அக்கா.

வெகு நாளைக்குப் பின் வரும் உறவினரை நகரின் பெரிய விடுதி ஒன்றிற்கு அழைத்துச் சென்று விருந்தளிக்க வேண்டும் என்று நாம் திட்டமிட்டிருந்தோம். அக்கா ஒரே சொல்லில் அதை முடித்துவிட்டார். "தம்பி, குளிரூட்டின எடமெல்லாம் எங்க ஊர்லயே இருக்கு. நீங்க காலையில எங்க சாப்பிடுவீங்களோ அங்க கூட்டிட்டுப் போங்க" என்றார். ஆகவே மறுநாட்காலை திருவானைக்கா சென்றோம். சன்னதித் தெருப் பக்கம் பார்த்தசாரதி விலாசில் இடம் பிடிப்பது எளிதன்று. நெய்த்தோசை மூன்றும் காப்பி மூன்றும் வந்தன. கணக்குச் சீட்டைப் பார்த்த பேரன் மனத்துள் பெருக்கி வகுத்து, "இருவது வெள்ளிதான் பாட்டி" என்றான். ரிங்கிட்டை அங்கே நம்மவர் வெள்ளி என்றே வழங்குகின்றனர். நாம் மறந்துவிட்ட பழைய சொல் அங்கே சில்லறைக் கணக்கில் உயிரோடு இருப்பது கண்டு மகிழ்ந்தோம்.

இந்த உணவகம் தொடங்கியது 1943-ஆம் ஆண்டு. அந்த ஆண்டைச் சொன்னதும் அக்காவின் முகம் சற்று மாறியது. "நாப்பத்து மூணா? அப்போ எங்க ஆளுங்க அங்க என்ன சாப்பிட்டாங்க தெரியுமா?" என்று கேட்டார். நமக்குத் தெரியாது. அன்று கேட்டதும், பின்னர் நாம் நூல்களில் தேடிக் கண்டதுமே இக்கட்டுரை.

தமிழர் மலாயா சென்ற கதையில் திருச்சிராப்பள்ளிக்குத் தனி இடம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து இந்நகர் வரை இருப்புப்பாதை போடப்பட்டது 1862-ஆம் ஆண்டிற்குள். கடற்கரையையும் உள்நாட்டையும் இணைத்த அப்பாதை வழியே பல பொருள்கள் இங்கு வந்தன. கல்வியும் அவற்றுள் ஒன்று. 1844-இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபையினர் தொடங்கிய தூய வளனார் கல்லூரி 1883-இல் திருச்சிக்கு இடம் பெயர்ந்ததை நம் வாசகர் அறிவர். ஆனால் அதே பாதையில் எதிர்த்திசையில் சென்றவர் தொகையே பெரிது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து வறியோர் நாகைத் துறைமுகத்துக்குச் சென்றனர், அங்கிருந்து பினாங்கு. கரையிறங்கியோர் நோய்த்தடுப்புக்காக ஜெரஜாக் தீவில் நிறுத்தி வைக்கப்பட்ட பின்பே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். 1910-இல் அம்முறை நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே ஓங்கியது. ஊருக்கு வந்து தம் உறவினரையும் தெருவாரையும் திரட்டிச் செல்லும் கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கிடைத்தது. தோட்ட முதலாளிகளிடம் வரி தண்டி 1907-இல் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதி பயணச் செலவை ஏற்றது. 1938-இல் இந்திய அரசு இவ்வாறு உதவி பெற்றுச் செல்லும் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை இது நீடித்தது. நம் பாட்டனார் இருவரும் 1920-களில் இவ்வழியே சென்றவர்கள்தாம்.

சென்றவருள் கத்தோலிக்கரும் இருந்தனர். சிங்கப்பூரின் ஓஃபிர் சாலையில் 1888-இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்கெனவே கட்டப்பட்டது. நம் தெப்பக்குளக்கரை லூர்து அன்னை ஆலயமும் ஏறக்குறைய அதே தலைமுறையில் எழுந்ததே. பினாங்கின் எதிர்க்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் உள்ள தூய அன்னம்மாள் திருத்தலத்தின் சூலைத் திங்கள் திருவிழாவைப் பற்றி அக்கா வாய் ஓயாமல் பேசினார். தமிழரும் சீனரும் ஒன்றாய் மெழுகுவர்த்தி ஏந்திச் செல்வார்களாம். "பவனி முடிஞ்சதும் சாப்பாட்டுக் கடைதான்" என்று சொல்லிச் சிரித்தார். வேளாங்கண்ணிக்குச் சென்று வந்த எவருக்கும் அந்தச் சிரிப்பின் பொருள் விளங்கும்.

இனி உணவைப் பார்ப்போம். தோட்டத்துக்குச் சென்ற தமிழன் கையில் கொண்டு சென்றது மிகக் குறைவு. ஆனால் அவன் நாவோடு சென்ற சொற்கள் மலாய் மொழியில் நிலைத்துவிட்டன. இவற்றுள் சில, தோட்டத் தொழிலாளருக்குப் பல நூற்றாண்டு முன்னரே வணிகரோடு சென்றவை. கடை என்பது அங்கே ‘கெடாய்’. ஆப்பம் ‘அப்பாம்’. புட்டு ‘புத்து’. கப்பல் கப்பலாகவே நின்றுவிட்டது. கறி ‘காரி’ ஆயிற்று. தமிழ் முசுலிம்கள் நடத்தும் உணவகத்தை ‘மாமாக்’ கடை என்கின்றனர். நம் ‘மாமா’வே அது. பினாங்கின் புகழ்பெற்ற உணவான ‘நாசி கண்டார்’ எழுந்த விதம் இன்னும் சுவையானது. நாசி என்பது சோறு. கண்டார் என்பது காவடி. தோளில் காவடிக் கம்பு சுமந்து, ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புப் பானை என்று துறைமுகத் தொழிலாளருக்கு விற்றுச் சென்ற தமிழ் முசுலிம்கள் தந்த பெயர் அது. அவ்வழியில் 1907-இல் தொடங்கிய ஹமீதியா உணவகம் பினாங்கின் காம்பல் தெருவில் இன்றும் நடைபெறுகிறது.

சுமைகூலியின் மலிவுச் சோறு இன்று அந்நாட்டவர் அனைவரும் வரிசையில் நின்று வாங்கும் உணவாகிவிட்டது. வாழையிலைச் சோறும் அவ்வாறே. சீன இளைஞர் ஒருவர் இலை போட்டுக் கையால் பிசைந்து இரசம் ஊற்றி உண்பது அங்கே வியப்பன்று என்றார் அக்கா. நம் நகரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் இயங்கி வருகிறது. இலையோ நம் வீட்டு விருந்துகளிலேயே குறைந்து, அதன் உருவம் அச்சிட்ட காகிதம் வந்துவிட்டது. இதை அக்காவிடம் சொல்ல நமக்கு நாணமாக இருந்தது.

திருவானைக்காவிலிருந்து திருவரங்கம் சென்ற வழியில், தள்ளுவண்டி ஒன்றில் அவித்த மரவள்ளிக் கிழங்கு ஆவி பறந்துகொண்டிருந்தது. பேரன் அதைக் காட்டி "உபி காயு" என்றான். வாங்கலாமா என்று கேட்டோம். அக்கா தலையசைத்து மறுத்தார். "எங்கம்மா சாகுற வரைக்கும் இதைத் தொட்டதில்ல. வீட்டுக்குள்ள கொண்டாரவும் விட்டதில்ல" என்றார்.

1941-ஆம் ஆண்டு திசம்பரில் சப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பெப்ருவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா தனக்கு வேண்டிய அரிசியை முழுதும் விளைத்துக்கொண்ட நாடன்று. பர்மாவும் சயாமுமே அதற்குச் சோறிட்டன. போர் வந்ததும் கப்பல்கள் நின்றன. இரப்பரை வாங்குவாரில்லை, ஆகவே கூலியும் இல்லை. தோட்டத்து மக்கள் மரவள்ளியை நட்டு அதையே காலையும் மாலையும் உண்டனர். இன்னொரு பக்கம், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்திற்குச் சப்பானியர் போட்ட இருப்புப்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துச் சென்றனர். 1943-இல் அது முடிவதற்குள் பல்லாயிரம் தமிழர் வாந்திபேதியாலும் பட்டினியாலும் அடியாலும் அங்கே மாண்டனர். மலேசியத் தமிழர் அதனைச் சயாம் மரண இரயில் என்பர். அக்காவின் தாய்மாமன் ஒருவர் அதற்குப் போனவர், திரும்பவில்லை. அவர் போன அன்று வீட்டில் இருந்தது மரவள்ளிதானாம். மாண்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. பெயரும் அகவையும் பொறித்திருக்கின்றனர். நம்மவருள் மிகப் பலருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

இதே போரின் மறுபக்கம் ஒன்று நம் அடுப்படியில் இருக்கிறது. பலரும் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் பாயசத்துக்கு இடும் சவ்வரிசியைச் சாவா அரிசி என்பதன் திரிபாகச் சொல்வர். போருக்கு முன் அது மலாயா, சாவாப் பகுதிகளிலிருந்து கப்பலில் வந்த பொருள். சேகோ என்னும் பனை இனத்தின் தண்டு மாவிலிருந்து செய்யப்பட்டது. கப்பல் நின்றதும் அதற்கு மாற்றுத் தேட வேண்டியதாயிற்று. சேலத்தில் மரவள்ளி மாவைக் குலுக்கி உருட்டி, வறுத்து, சவ்வரிசி செய்யும் தொழில் 1943-இல் தொடங்கியது. இன்றும் நாட்டின் சவ்வரிசிக்குப் பெரும்பங்கு சேலத்தையே சார்ந்துள்ளது. ஆக, பர்மாவின் அரிசி வாராமையால் மலாயாத் தமிழர் மரவள்ளி தின்றனர். மலாயாவின் சவ்வரிசி வாராமையால் சேலத்துத் தமிழர் மரவள்ளியைச் சவ்வரிசியாக்கினர். ஒரே கிழங்கு, ஒரே ஆண்டு. ஒரு கரையில் அது பாயசமாயிற்று. மறுகரையில் ஒரு தாய் அதனை வாழ்நாள் முழுதும் வீட்டு வாயிலுக்குள் விடவில்லை.

திரும்பி வந்த நம் பாட்டனாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1930-இல் உலகெங்கும் வணிகம் சரிந்தது. இரப்பர் விலை வீழ்ந்தது. பல்லாயிரம் தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவருள் நம் பாட்டனாரும் ஒருவர். பினாங்குத் துறைமுகத்தில் காவடிக்காரரிடம் சோறு வாங்கி, யார் யாரோடோ தோளுரசிக் குந்தியிருந்து உண்டவர் அவர். கையில் காசோடு இந்நகரில் ஓர் உணவு விடுதியில் காப்பி கேட்டபோது, வெளியே நிற்கச் சொல்லிவிட்டனர். கொட்டாங்கச்சியில் ஊற்றுவதாகச் சொன்னார்களாம். குடிக்காமல் வந்துவிட்டார். அதன்பின் இறக்கும் வரை நகரத்து விடுதி எதிலும் அவர் நுழைந்ததில்லை. மலிவு என்பது விலையைப் பற்றிய சொல் மட்டுமன்று என்பதை நாம் கற்றது அவரிடம். காசு இருந்தும் வாங்க இயலாத காப்பிக்கு எந்தக் கணக்கில் விலை எழுதுவது?

இதைச் சொல்லும்போது கடலுக்கு அக்கரை சமத்துவ நாடாக இருந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டா. தோட்டத்து இலயங்களிலும் சாதி பார்த்தே குடி வைத்தனர். சாதியும் அதே கப்பலில்தான் வந்திறங்கியது. நம் ஆலயங்கள் பலவற்றிலேயே ஒரே பீடத்தின்முன் தனித்தனி இடம் வைத்திருந்த காலம் அது. ஆகவே உணவு விடுதிக்காரரை மட்டும் குறை கூறும் தகுதி நமக்கில்லை.

தென்னிந்திய இரயில்வேயின் தலைமையகம் திருச்சியிலேயே இருந்தது. அதன் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனியிடம், மற்றவருக்குத் தனியிடம் என்றிருந்த முறை, பெரியாரும் நீதிக்கட்சியினரும் போராடியதன் பயனாக 1941-இல் நீக்கப்பட்டது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதி, சமயம் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. தீண்டாமைக் குற்றங்களுக்கான சட்டம் 1955-இல் வந்தது. ஆயினும், உணவகப் பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் இருப்பது பற்றித் திருவரங்கத்தில் 2012-இல்கூடப் போராட்டம் நடந்தது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பின்னும் அற்றுப்போகவில்லை.

திருவரங்கத்தில் நாம் வெளிச் சுற்றுகளில் மட்டும் நடந்தோம். வட்ட வடிவில் மலைபோல் நிற்கும் பழைய நெற்களஞ்சியங்களைக் கண்டு பேரன் நின்றுவிட்டான். அரங்கனுக்குத் தளிகை நாள்தோறும் புதிய மண்பானைகளில் சமைக்கப்படுவதையும், இரவில் அரவணை என்னும் சருக்கரைச் சோறு படைக்கப்படுவதையும் நண்பர் ஒருவர் விளக்கினார். காலையில் ரொட்டியும் வெண்ணெயும் உண்டு என்றதும் பையன், "ரொட்டியா? கோயில்லயா?" என்று வியந்தான். தில்லி சுல்தானின் மகள் ஒருத்தி அரங்கன்மேல் அன்பு கொண்டு பின்தொடர்ந்து வந்தாள் என்பது கோயிலொழுகு சொல்லும் மரபு. துலுக்க நாச்சியார் என்று அவளுக்குச் சந்நிதி உண்டு. அவள் பொருட்டே அந்த ரொட்டி. 1311-லும் 1323-லும் தில்லிப் படைகளால் அல்லலுற்ற கோயில் இது. அதே கோயிலின் மடைப்பள்ளியில் அத்தில்லிப் பெண்ணுக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். வரலாற்றறிஞர் இம்மரபை எப்படியும் மதிப்பிடட்டும்; இப்பங்கீடு நமக்குப் பிடித்திருக்கிறது.

கோயில்களில் பகல் வேளை அன்னதானம் 2002-இல் அரசுத் திட்டமாயிற்று. திருவரங்கத்தில் 2012 முதல் அது நாள் முழுவதும் நடைபெறுகிறது. 2013-இல் திருச்சியிலும் அம்மா உணவகங்கள் திறக்கப்பட்டபோது இட்டிலி 1 ரூபாய், சாம்பார்சோறு 5 ரூபாய், தயிர்சோறு 3 ரூபாய். இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக, 1982 சூலை முதல் நாளில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த பாப்பாக்குறிச்சியும் நம் திருச்சியை அடுத்ததே. ஓட்டுக்காகச் செய்தது என்று இவற்றை எள்ளுவோர் உளர். இருக்கலாம். ஆனால் அங்கே உட்காரும் ஆளிடம் யாரும் தெருப்பெயர் கேட்பதில்லை. நம் பாட்டனார் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

மாலையில் சத்திரம் பேருந்து நிலையம் அருகே பரோட்டாக் கடைக்குச் சென்றோம். மாவை எண்ணெய் தடவி வீசி, மெல்லிய துணிபோல் விரித்துச் சுருட்டும் கைவித்தையைக் கண்டு பையன், "ரொட்டி சானாய்!" என்று கூவினான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டைக் கூடுதலாக வைத்தார். அங்கே பருப்புக் குழம்போடு காலை உணவு. இங்கே சால்னாவோடு இரவு உணவு. அவர்களுடைய ‘தே தாரிக்’ என்பதும் நம் தேநீர்க் கடையில் உயர்த்தி ஆற்றித் தரும் தேநீரன்றி வேறில்லை. நாம் ஆற்றுகிறோம், அவர்கள் இழுக்கிறார்கள், அவ்வளவே.

கோதுமை நம் ஏழை வீடுகளுக்குள் வந்ததும் ஒரு பஞ்சக் கதையே. அரிசி கிட்டாத ஆண்டுகளில் பங்கீட்டுக் கடை வழியாக வந்தது. 1956-க்குப் பின் பி.எல். 480 ஒப்பந்தத்தின்படி அமெரிக்கக் கப்பல்களில் வந்தது. பங்குக் கோயில்களில் கத்தோலிக்க நிவாரணப் பணியினர் வழங்கிய கோதுமையையும் பால்மாவையும் நம்முள் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அதை வைத்து நம்மைக் கேலி பேசினவர்களும் உண்டு. பசித்தவன் கேலியையும் சேர்த்துத்தான் விழுங்கினான்.

அக்கா ஒன்று சொன்னார்: "எங்களை அங்க ‘ஊருக்குப் போ’ன்னு சொல்றவங்க இருக்காங்க தம்பி. இங்க வந்தா ‘எப்ப ஊருக்குப் போறீங்க’ன்னு கேக்கறீங்க." 1969 மே கலவரத்தை அடுத்து, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதியால், சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் ‘ரஜூலா’ முதலிய கப்பல்களில் ஏறி, தாம் பிறந்தறியாத ஊருக்குத் ‘திரும்பினர்’. அக்காவின் வீட்டாருக்கு நீல அட்டை கிடைத்திருந்தது. அடுத்த இலயத்தில் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. விடைபெறும் நாளில் அவர்கள் தம் அம்மியை அக்காவின் தாயிடம் விட்டுச் சென்றனராம். அதில்தான் இன்றும் சம்பல் அரைக்கிறார்கள்.

ரஜூலா 1926-இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய கப்பல். அதன்பின் ஓடிய ‘சிதம்பரம்’ 1985-இல் நடுக்கடலில் தீப்பற்றியதோடு, கப்பலில் போய்வரும் காலம் முடிந்தது. இப்போது திருச்சி வானூர்தி நிலையத்திலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். காலையில் அங்கே ரொட்டி சானாய் தின்றவர் மதியச் சோற்றுக்கு இங்கே இலை முன் அமரலாம்.

புறப்படும் நாளில் மணப்பாறை முறுக்கு நான்கு பொட்டலம் வாங்கிக் கொடுத்தோம். வானூர்திக்கு நேரம் இருந்தது. சந்திப்பு இரயில் நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்றார் அக்கா. அண்ணன் தம்பி இருவரும் வண்டி ஏறியது அங்கேதான். நடைமேடை உணவுக் கடையில் நின்று காகிதக் கோப்பையில் மூவரும் காப்பி குடித்தோம். அதில் சர்க்கரை கூடுதல். நாகப்பட்டினம் வழியாகக் காரைக்கால் செல்லும் வண்டி புறப்படப்போவதாக ஒலிபெருக்கி அறிவித்தது. அக்கா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அந்த வண்டி நகர்ந்து வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் நம் பக்கம் திரும்பி, "இன்னொரு காப்பி வாங்கட்டுமா, தாத்தா?" என்றான்.